ஒருமனதாகத் தெளிந்த வானம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். எங்கள் டென்னிஸ் கிளப்பின் வானிலைப் பாதுகாப்புக் குழுவை அவர்கள் பார்த்ததில்லை. நெருப்பு சுடும், சக்கரம் காலில் ஏறும். எங்கள் குழுவால் இன்றுவரை ஓர் எறும்புக்குக்கூடத் தீங்கு நேர்ந்ததில்லை. குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பகலில் நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நடக்காத விபத்துகளைப் பற்றி முன்கூட்டியே கவலைப்படுவதும், நடந்த விபத்துகளை நடக்கவே இல்லை என்று நிரூபிப்பதும் எங்கள் தொழில். மாலையில் அதே திறமையைக் கிளப்புக்கு இலவசமாக வழங்குகிறேன்.

குழு பிறந்த வரலாறு வீரம் செறிந்தது. கிளப்பின் தலைவர் பெயிண்ட் வியாபாரி. ஆண்டுக் கோப்பை அவர் கடைக் கண்ணாடி அலமாரியில், வண்ண அட்டைகளுக்கு நடுவே, பல வருடங்களாக நிரந்தரக் குடியுரிமை பெற்றிருந்தது. சென்ற ஆண்டு அரையிறுதியில் ஒரு வங்கி எழுத்தர் அவரை நாலுக்கு ஒன்று என்று பந்தாடிக்கொண்டிருந்தார். திடீரென்று தலைவர் ஆட்டத்தை நிறுத்தி வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இந்த வெயில்ல ஒரு மனுஷன் ஆடலாமா?”

அதுவரை அந்த வெயிலில்தான் அவர் ஆடிக்கொண்டிருந்தார். ஆனாலும் கேள்வி நியாயமானது. ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அது மறுபடி நடப்பதற்குள் வங்கி எழுத்தருக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டது. கோப்பை அலமாரியை விட்டு நகரவில்லை. வெயில் எவ்வளவு பொல்லாதது என்பது அன்றுதான் எங்களுக்கெல்லாம் உறைத்தது. அடுத்த வாரமே குழு அமைந்தது.

குழுவில் நாங்கள் நால்வர். தலைவர், தலைவராகவே இருந்தார். உடல்நல ஆலோசகராகப் பல் டாக்டர். வெயில் உடம்பில் எங்கே பட்டாலும் அவர் வாயைத் திறக்கச் சொல்லித்தான் பார்ப்பார். பார்வை, கண்கூச்சம் ஆகிய துறைகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நான் செயலாளர். குழு கூடுவதற்கென்று பழைய வலைகளும் உடைந்த மட்டைகளும் கிடந்த சாமான் அறையைக் காலி செய்தோம். அதற்கு ஜன்னல் கிடையாது. ஏ.சி. வைத்துக்கொண்டோம்.

“வானிலையை முடிவு பண்றவங்க வானிலையால பாதிக்கப்படக் கூடாது” என்றார் தலைவர். அதை நாங்கள் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றோம்.

வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வருவது ‘முன்முடிவுடன் வருதல்’ என்று தடைசெய்யப்பட்டது. வானம் எப்படி இருக்கிறது என்பதை வாக்கெடுப்புதான் தீர்மானிக்கும். அப்படித் தீர்மானமான வானம் அடுத்த கூட்டம் வரை அமலில் இருக்கும். இதற்கு நடுவில் யாராவது அண்ணாந்து பார்த்து வேறு எதையாவது கண்டால், அது அவரது ‘சொந்தக் கருத்து’.

கூட்டத்தை எப்போது கூட்டுவது? அதற்கும் தலைவர் எளிய வழி வைத்திருந்தார். கோர்ட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டால், வானிலை கெட்டுவிட்டது. தொப்பி தலையில் இருந்தால் வானம் தெளிவு. இவ்வளவு துல்லியமான கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்காது. தலைவர் முன்னணியில் இருக்கும்போது அந்தத் தொப்பி ஒரு தடவைகூடக் கழன்றதில்லை.

விதிமுறைகளை இயற்றுவதில் நாங்கள் காட்டிய உழைப்பை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது. வெயில் நாளில் தொப்பி போட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அவ்வப்போது நிழலில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் சாதாரண மனிதர்களுக்குத் தெரிந்தது. நாங்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் என்று சட்டம் போட்டோம். ஆட்டக்காரர்கள் கோர்ட்டில் ஓடியதைவிடக் கழிப்பறைக்கு ஓடிய தூரம் அதிகமாயிற்று. அதுவும் உடற்பயிற்சிதானே என்று பல் டாக்டர் சான்று வழங்கினார்.

குளிர் நாளில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டுதான் ஆட வேண்டும். சூடாக்கும் பயிற்சிகளை நாங்கள் விரிவாக வகுத்துக் கொடுத்தோம். அவற்றைச் செய்து முடித்தவர்கள் எல்லோரும் களைத்துப்போனார்கள். களைத்தவர் ஆடுவது ஆபத்து என்பதால் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். பனிமூட்டத்தில் பந்து கண்ணுக்குத் தெரியாது, ஆகவே பந்து இல்லாமல் ஆடலாம் என்று கண்ணாடிக்காரர் பரிந்துரைத்தார். மழைத்துளி விழுந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஆனால் விழுந்தது துளிதானா என்று யார் சொல்வது? ஒருவர் அந்தத் துளியை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் அதே துளியை வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆள் வருவதற்குள் முன்மொழிந்தவர் தொப்பலாக நனைந்துவிடுவார். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆபத்தான வானிலையில் எடுத்த புள்ளிகள் செல்லாது என்பது தலைவரே கைப்பட எழுதிய விதி. ஆட்டம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கோழைகளைத் தடுக்க இன்னொரு விதியும் அவர் எழுதினார். வானம் தெளிவு என்று தீர்மானம் அமலில் இருக்கும்போது கோர்ட்டின் வேலியை விட்டு வெளியே போய்க் கால் மணி நேரத்துக்குள் திரும்பாதவர் தோற்றவர். இவை இரண்டையும் கெட்டி அட்டை போட்டு அச்சடித்தோம்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் என் மனைவி இந்த ஆண்டின் இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். எதிராளி வேறு யார், தலைவர்தான்.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவள். நாள் முழுக்க, புதிதாக ஸ்டியரிங் பிடித்தவர்களின் பக்கத்தில், கூடுதல் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் அந்த பிரேக்கை மிதித்ததால் உயிர் பிழைத்த ஆடுமாடுகள் ஏராளம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எதற்கு இந்த வயதில் இவ்வளவு வெறி என்று ஒரு நாள் கேட்டேன்.

“காலைலேர்ந்து என் கால் பிரேக்குலயே இருக்குங்க. மத்தவங்க ஓட்டறாங்க, நான் நிறுத்தறேன். ஆக்ஸிலேட்டர மிதிக்கற மாதிரி எனக்கு இருக்கறது அந்தக் கோர்ட் ஒண்ணுதான். இந்தக் கோப்பை எனக்கு வேணும்” என்றாள்.

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு என்னவோ போல இருந்தது. ஒரு கணம் செயலாளர் பொறுப்பே மறந்துவிட்டது.

முதல் இறுதி ஆட்டத்தில் அவள் நாலுக்கு ஒன்று என்று முந்தினாள். தலைவரின் தொப்பி கழன்றது. நாங்கள் அறைக்குள் கூடி ‘கடும் வெயில்’ என்று தீர்மானித்தோம். புள்ளிகள் செல்லாமல் போயின.

இரண்டாவது இறுதி ஆட்டத்தில் ஐந்துக்கு இரண்டு. தொப்பி மறுபடி கழன்றது. நிழல் இறங்கிய மாலை வேளை என்பதால் வெயிலைச் சொல்ல முடியவில்லை. “நான் சர்வ் போடத் தூக்கிப்போட்ட பந்து நேரா என் கைக்கு வரல, காத்து தள்ளுது” என்றார் தலைவர். சூறைக்காற்று என்று தீர்மானம் நிறைவேறியது. கொடிக்கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்ததாகச் சிலர் சொன்னார்கள். கொடிக்கு எங்கள் குழுவில் வாக்குரிமை கிடையாது.

மூன்றாவது ஆட்டத்தன்று வானிலையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வெயில் இல்லை, காற்று இல்லை, ஈரம் இல்லை. என் மனைவி மூன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னேறியதும் தொப்பி கழன்றது. அறைக்குள் நாங்கள் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பல் டாக்டரின் மேதைமை வெளிப்பட்டது.

“ரொம்ப இதமா இருக்கு, கவனிச்சீங்களா?” என்றார்.

“அதனால?” என்றார் கண்ணாடிக்காரர்.

“இதமா இருந்தா ஆட்டக்காரங்க அசந்துபோவாங்க. அசந்தா கால் பிசகும். பிசகினா விழுவாங்க. விழுந்தா பல்லு போகும்.”

‘அளவுக்கு மீறிய இதம்’ என்ற புதிய வகை ஆபத்து அன்று உலகுக்கு அறிமுகமானது. அதைத் தீர்மானமாக எழுதிப் பெருமையோடு இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

அன்று மாலை வீட்டில் என் மனைவி மட்டையைச் சோபாவில் எறிந்தாள்.

“அவர் தோக்கிற அன்னிக்கு மட்டும் ஏங்க வானிலை மோசமாகுது?”

“தற்செயல்தான்.”

“எங்க டிரைவிங் ஸ்கூல்ல ஒருத்தர் இருக்கார். ரிவர்ஸ் எடுங்கன்னு சொன்னா மட்டும் அவருக்குக் கழுத்து பிடிச்சுக்கும். அதுவும் தற்செயலா?”

“மருத்துவச் சான்று இருந்தா ஏத்துக்கலாம்” என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலாவது ஆட்டம்தான் கடைசி வாய்ப்பு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டம். அதற்குள் இறுதி ஆட்டம் முடியாவிட்டால் கோப்பை பழைய வெற்றியாளரிடமே இருக்கும் என்பது கிளப்பின் சட்டம். குழுத் தேர்தலும் அதே கூட்டத்தில்தான்.

சனிக்கிழமை மத்தியானம் வரை நல்ல வெளிச்சம். நாங்கள் முன்னதாகவே கூடி ‘தெளிந்த வானம்’ என்று தீர்மானம் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஆட்டம் தொடங்கியபோது மேற்கே ஒரு கருப்பு மேகம் எழும்பியது. அதை நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பது விதிக்குப் புறம்பு. ஆனால் அது என்னைப் பார்த்தது.

என் மனைவியும் அதைப் பார்த்துவிட்டாள். சாலையில் முன்னால் போகும் லாரியைக் கவனிக்கிற மாதிரி அவள் பார்வை அடிக்கடி அந்தப் பக்கம் போய்வந்தது. கவனம் சிதறி, சர்வ் போட்ட பந்தெல்லாம் வலையில் விழுந்தது. தலைவர் நாலுக்கு ஒன்று என்று முந்திவிட்டார். அவர் தொப்பி இவ்வளவு உறுதியாகத் தலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்போது மேகத்துக்குள் வெளிச்சம் பளிச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு உறுமல்.

என் மனைவி ஆட்டத்தை நிறுத்திவிட்டு வராந்தாப் பக்கம் வந்தாள். நடுவர் அங்கே குடையோடு நின்றிருந்தார். அவர் சலவைக் கடைக்காரர், வெள்ளைக் கோடுகளைப் பற்றி நன்கு அறிந்தவர்.

“இடி இடிக்குது. ரெண்டு பேரும் உள்ளே போயிடலாம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிச்சுத்தான் வெளியே வரணும். எங்க ஸ்கூல்ல முதல் நாளே இதைச் சொல்லிடுவோம்” என்றாள்.

நடுவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்க்கவில்லை, ஸ்கோர் பலகையைப் பார்த்தார்.

“என்னம்மா இது, தோக்கறப்போ வானத்தைக் குறை சொல்றது? ஆட்டக்காரங்களுக்கு இது அழகா?”

“நான் தோத்தா தோத்துட்டுப் போறேன் சார். மொத்த மைதானத்துல உயரமா நிக்கறது நீங்களும் நானும்தான்.”

“உனக்குச் சந்தேகம்னா குழுவுக்கு விண்ணப்பம் கொடும்மா. முறைப்படி முடிவு பண்ணட்டும்.”

முறை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நானும் பல் டாக்டரும் கண்ணாடிக்காரரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். தலைவர் கோர்ட்டிலேயே நின்றுகொண்டார். தொப்பி தலையில் இருப்பதால் அவர் வாக்கு ‘தெளிந்த வானம்’ என்றே கொள்ளப்பட்டது.

உட்காரும்போதே சுவர் அதிர்ந்தது. டியூப் லைட் ஒரு தடவை அணைந்து எரிந்தது.

“என்ன சத்தம் அது?” என்றேன்.

“ஏ.சி.” என்றார் பல் டாக்டர். “சர்வீஸ் பண்ணி ரொம்ப நாளாச்சு.”

மறுபடியும் ஒரு சத்தம். இந்தத் தடவை மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் நகர்ந்தது.

“மாடியில நாற்காலி இழுக்கறாங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

எங்கள் கிளப்புக்கு மாடி கிடையாது. இருந்தாலும் ஒரு மூத்த உறுப்பினர் கூட்டத்தில் பொறுப்போடு சொன்ன கருத்தை உடனே மறுப்பது நாகரிகமல்ல.

“நாலுக்கு ஒண்ணு. தலைவர் ஜெயிக்கப் போறார். இப்ப போய் இடின்னு சொன்னா அவர் என்ன நினைப்பார்?” என்றார் பல் டாக்டர்.

“நாளைக்குத் தேர்தல் வேற” என்றார் கண்ணாடிக்காரர்.

இருவரும் கையைத் தூக்கினார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் மனைவி வெளியே திறந்த வெளியில் நின்றிருந்தாள். ஆனால் பொது வாழ்க்கைக்கு வந்தவன் குடும்பத்தைப் பார்க்க முடியுமா? நானும் கையைத் தூக்கினேன். தெளிந்த வானம், ஒருமனதாக.

ஒலிபெருக்கியோடு வராந்தாவுக்கு வந்து கூரைக்கடியில் நின்று தீர்மானத்தை வாசித்தேன். வாசிக்கும்போது மூன்று இடத்தில் இடியால் என் குரல் கேட்கவில்லை என்பதால் அந்த இடங்களைத் திரும்ப வாசித்தேன். என் மனைவி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, நிஜமாவா?”

“குழுவோட முடிவு.”

அவள் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலிக் கதவைத் திறந்து விறுவிறுவென்று வெளியே போனாள்.

“வெளியே போயிட்டா! நடுவரே, மணி பாருங்க! கால் மணி நேரம்!” என்று தலைவர் குதித்தார்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். தலைவர் கோர்ட்டின் நடுவில், மட்டையை உயரத் தூக்கிப் பிடித்தபடி, வெற்றிக் கோலத்தில் நின்றார். பின்னால் வானம் முழுக்கக் கருத்துவிட்டது. நாங்கள் மூவரும் கூரைக்கடியிலிருந்து கைதட்டி உற்சாகப்படுத்தினோம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஹாரன் சத்தம். வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு சிறிய கார் வந்தது. கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை, முன்னாலும் பின்னாலும் ‘பயிற்சி வாகனம்’ என்ற எழுத்து. மண் கோர்ட்டைச் சமன் செய்யும் உருளை போய்வருவதற்காக வைத்த அகலமான கதவு வழியாக அது உள்ளே நுழைந்து, இண்டிகேட்டர் போட்டு, வலைக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக நின்றது. என் மனைவி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

“சார், ஏறுங்க! மூடின கார்ல இருந்தா பயமில்லை. சீக்கிரம்!”

“கோர்ட்டுக்குள்ள காரா? இது விதியில இல்லையே!” என்று கத்தினார் தலைவர்.

“கூடாதுன்னும் இல்ல. ஏறுங்க சார், சண்டை அப்புறம் போடலாம்!”

“என்னை வெளியே கூட்டிட்டுப் போய்த் தோக்கடிக்கப் பார்க்கறியா? நான் நகர மாட்டேன். வானம் தெளிவா இருக்கு! தீர்மானமே போட்டா…”

அந்த வாக்கியம் முடியவில்லை. வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த உயரமான மரத்தில் மின்னல் இறங்கியது. சத்தமும் அதே கணத்தில் கேட்டது, இடைவெளியே இல்லை. கூடவே மழையும் கொட்டியது. நாங்கள் மூவரும் எப்படி அறைக்குள் வந்தோம் என்பது எங்களுக்கே தெரியாது. கதவைச் சாத்தப் போனபோது அதைத் தள்ளிக்கொண்டு தலைவரும் வந்து மேஜைக்கடியில் புகுந்தார். மட்டையும் தொப்பியும் அவரிடம் இல்லை. பக்கத்தில் திறந்து கிடந்த கார்க் கதவை விட்டுவிட்டு அந்த மழையில் மைதானம் முழுக்க ஓடி வந்திருக்கிறார். அவர் கோர்ட்டில் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை என்று நடுவர் பிற்பாடு சொன்னார்.

என் மனைவி காரை விட்டு இறங்கவில்லை. கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, வைப்பரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். மழை அடித்து ஓய்ந்து, இடி தூரம் போய், அதற்கு மேலும் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். நடுவர் மழை முழுக்க வராந்தாவில் நின்று கடிகாரம் பார்த்திருந்தார். அவர் அறைக் கதவைத் தட்டினார்.

“ஒரு விஷயம். அந்தம்மா கால் மணிக்குள்ள திரும்பி வந்துட்டாங்க. அப்புறம் கோர்ட்டை விட்டு வெளியே போகவே இல்ல. தலைவர்தான் போனார், திரும்பி வரல. வானம் தெளிவுன்னு தீர்மானம் இருக்கு. அப்போ ஜெயிச்சது யாரு?”

தலைவர் மேஜைக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அவசரக் கூட்டம்!” என்றார். “இடி இடிச்சதுன்னு தீர்மானம் போடுங்க. இப்பவே! ஆட்டம் செல்லாதுன்னு ஆகிடும்.”

பல் டாக்டர் தாடையைத் தடவினார். “தலைவரே, இடி இடிச்சதுன்னா, அந்த இடியில ஆடச் சொன்னது யாருன்னு நாளைக்குப் பொதுக்கூட்டத்துல கேப்பாங்களே.”

“நீங்கதானே சொன்னீங்க!”

“குழுதான் சொல்லுச்சு. குழுவுக்குத் தலைவர் நீங்க.”

“யோவ், மரம் எரியுதுய்யா! போய்ப் பாரு!”

“வெளியே பார்த்துட்டு வந்து பேசறது விதிக்குப் புறம்பு” என்றார் கண்ணாடிக்காரர். சொன்னபோது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் யோசித்தார். ஒரு பக்கம் கோப்பை, இன்னொரு பக்கம் இந்த நாற்காலி. கடைசியில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கோப்பை அடுத்த வருஷம் வரும்” என்றார் மெல்லிய குரலில். “எழுதுங்க, செயலாளரே. வானம் தெளிவாத்தான் இருந்துச்சு.”

நால்வரும் கையைத் தூக்கினோம். தலைவர் தூக்கிய கையிலிருந்து தண்ணீர் என் பேனாமேல் சொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் கோப்பை என் மனைவிக்கு வழங்கப்பட்டது. கைதட்டலில் கூரை கிடுகிடுத்தது. தலைவர் பேசும்போது, தெளிந்த வானத்தின் கீழே நடந்த நேர்மையான ஆட்டம் என்று குறிப்பிட்டார். பேச்சின் நடுவே இரண்டு முறை தும்மினார். எரிந்த மரத்தைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அது மரத்தின் சொந்த விஷயம் என்று பல் டாக்டர் விளக்கினார். வானிலைப் பாதுகாப்புக் குழு போட்டியின்றி மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டது. குழு தொடங்கியது முதல் இன்றுவரை அதன் உறுப்பினர் எவருக்கும் வானிலையால் ஒரு கீறல்கூட விழவில்லை என்று நான் அறிக்கை வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கோப்பையைத் துடைத்து டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, மறுபடி வந்து நேராக்கி வைத்தாள். அவள் முகம் பூத்திருந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“எல்லாம் குழுவோட தீர்மானத்தாலதான்” என்றேன்.

அவள் துணியை மடித்து வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் வெளியே நிக்கறப்போ இடி இடிச்சது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?”

“செயலாளரா என்னைக் கேக்கறியா? இல்ல, காப்பீட்டுத் துறைக்காரனாக் கேக்கறியா?”

“புருஷனாக் கேக்கறேன்.”

நான் விதிமுறைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், உடல்நல ஆலோசகர்கூட இருக்கிறார். புருஷன் என்று ஒரு பொறுப்பு எங்கள் வானிலைப் பாதுகாப்புக் குழுவில் எங்கேயுமே இல்லை.